“என்ற ஒருவர்” என்று எழுதலாமா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்த மாத இதழில் தமிழகக் கணித மேதைகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். எட்டுப் பக்கத்தில் ஏழே முக்கால் பக்கம் ராமானுஜன். அதில் எனக்கு வருத்தமில்லை, அவரைப் பற்றி எத்தனை தடவை எழுதினாலும் படிப்பேன். ஆனால் கடைசிப் பத்தியில், எஸ். எஸ். பிள்ளை என்ற ஒருவரும் இருந்தார், விமான விபத்தில் இறந்துபோனார் என்று ஒரே ஒரு வரி. அந்த “என்ற ஒருவர்” இரண்டு நாளாக மனதைவிட்டுப் போகவில்லை. பக்கத்து வீட்டில் குடியிருந்துவிட்டுப் போன யாரையோ சொல்வது போல இருக்கிறது ஐயா.

சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை 1901 ஏப்ரல் 5இல் குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லத்தில் பிறந்தவர். குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தார், பள்ளிப் படிப்பு முடிகிற நேரத்தில் தந்தையும் போய்விட்டார். சாஸ்திரியார் என்ற ஆசிரியர் கைக்காசு போட்டுப் படிக்க வைத்திருக்காவிட்டால் அந்தப் படிப்பு அங்கேயே நின்றிருக்கும். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி, அப்புறம் 1927இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆனந்த ராவிடமும் வைத்தியநாதசுவாமியிடமும் ஆராய்ச்சி. 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கிய ஆண்டிலேயே அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்து, 1941 வரை இருந்தார். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் விட்டுவிட்டீர்களே என்பதுதான் என் ஆற்றாமை.

கணக்கு வாசகர்களுக்குப் புரியாது என்பீர்கள். அந்த வட்டாரத்திலேயே ஒரு பள்ளியில் 27 வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். ஒன்பதாம் வகுப்பில் 703 என்று கரும்பலகையில் எழுதி, இதை ஆறாம் அடுக்கு எண்களின் கூட்டலாக எழுதுங்கள், எத்தனை எண் தேவைப்படுகிறது பார்ப்போம் என்பேன். 1இன் ஆறாம் அடுக்கு 1, 2இன் ஆறாம் அடுக்கு 64, 3க்குப் போனால் 729 ஆகி 703ஐத் தாண்டிவிடும். ஆக 64ஐப் பத்து தடவை போட்டு மிச்சம் 63க்கு ஒன்று ஒன்றாகத்தான் கூட்ட வேண்டும். மொத்தம் 73. இதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும். ஆனால் எவ்வளவு பெரிய எண்ணை எடுத்தாலும் 73க்கு மேல் ஒருபோதும் தேவைப்படாது என்று நிரூபிக்க, 1770இல் இங்கிலாந்துக் கணித அறிஞர் வாரிங் இந்த மாதிரிக் கேள்வியைப் போட்டதிலிருந்து 170 வருடம் ஆயிற்று. 1940இல் நிரூபித்தவர் சிதம்பரத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை. ஐந்தாம் அடுக்குக்கு 1964 வரையும், நாலாம் அடுக்குக்கு 1986 வரையும் உலகம் காத்திருந்தது. ஆறாம் அடுக்கு அதற்கெல்லாம் முன்பே இங்கே முடிந்துவிட்டது. இவரா “என்ற ஒருவர்”?

இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அடுத்தடுத்து வரும் எண்களில் பதினாறு வரை எத்தனை எடுத்தாலும், மற்ற எதோடும் 1ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாத எண் ஒன்றாவது அதில் இருக்கும் என்று நிரூபித்தவரும் பிள்ளைதான். பதினேழு எடுத்தால் அந்த உறுதி கிடையாது. 2184 முதல் 2200 வரை எழுதிப் போட்டு, துணையில்லாத எண்ணைக் கண்டுபிடியுங்கள் என்று ஒரு சனிக்கிழமை வகுப்பில் விட்டேன். 2189 தனியாகத்தான் நிற்கிறது டீச்சர் என்று பையன்கள் எல்லாரும் கத்தினார்கள். வல்லத்திலிருந்து வரும் ஒரு பெண் மட்டும் பேசாமல் வகுத்துப் பார்த்துவிட்டு, 11 போகிறது டீச்சர், 2200லும் 11 போகிறது என்றாள். இதைக் கண்டுபிடித்தவர் உன் ஊர்க்காரர்தான் என்றதும் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவள் ஊரில் யாரும் அவளுக்கு அந்தப் பெயரைச் சொல்லியிருக்கவில்லை. உங்களைப் போன்ற பத்திரிகைகள் சொல்லியிருக்க வேண்டாமா?

இது இன்று நேற்று வந்த வருத்தமில்லை. 2007இல் நம் கணித மேதை வரதனுக்குக் கணிதத்தின் பெரிய விருதான ஆபெல் பரிசு கிடைத்தபோது உங்கள் இதழில் ஒரு பத்தி வந்தது. 2020இல் இன்னொரு கணித மேதை சேஷாத்திரி மறைந்தபோது அதுவும் இல்லை. ராமானுஜன் பிறந்த நாளான டிசம்பர் 22 வந்தால் 1729ஐயும் நாமகிரித் தாயாரையும் தவறாமல் போடுகிறீர்கள். நாற்பது வருடமாக உங்கள் இதழைக் காசு கொடுத்து வாங்குகிறவள் என்ற உரிமையில் கேட்கிறேன், அந்தப் பக்கத்தில் ஒரு வருடமாவது வேறு பெயருக்கு இடம் விடக்கூடாதா?

ஆறு வருடம் முன்பு பிள்ளையைப் பற்றி நானே நாலு பக்கம் எழுதி, தபால் தலை ஒட்டிய உறையும் வைத்து அனுப்பினேன். பதில் இல்லை. போன் செய்தேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். கணக்கையெல்லாம் எடுத்துவிட்டு விபத்தை விரிவாக எழுதுங்கள் அம்மா, அதே விமானத்தில் எகிப்து நடிகை கமேலியாவும் இறந்திருக்கிறார், அவரையும் சேர்த்தால் போடலாம் என்றார். அந்த விபத்தில் 55 பேர் இறந்தார்கள், ஒவ்வொரு உயிரும் உயிர்தான். ஆனால் 1950 ஆகஸ்ட் 31இல் கெய்ரோவிலிருந்து கிளம்பிய அந்த விமானத்தில் பிள்ளை ஏன் இருந்தார் என்பது யாருக்கும் வேண்டாமா? ஹார்வர்டில் உலகக் கணித மாநாடு முந்தின நாள்தான் தொடங்கியிருந்தது, பிரின்ஸ்டன் ஆய்வு நிலையத்தில் ஒரு வருடம் தங்கி வேலை செய்ய அழைத்திருந்தார்கள். 49 வயதில், இனிமேல்தான் என்று கிளம்பியவர். அவர் கட்டுரைகளெல்லாம் தொகுப்பாக வர 2010 ஆயிற்று, அறுபது வருடம்.

நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் கடிதப் பகுதியின் ஓரத்தில் நாலு வரி திருத்தம் போடுங்கள்: முழுப் பெயர், வல்லம், 1940, 73. அப்புறம், நான் அனுப்பிய அந்தக் கட்டுரை எங்காவது கிடந்தால் திருப்பி அனுப்புங்கள். கட்டுரையை மறுபடி எழுதிக்கொள்வேன். அதோடு அந்தப் பெண் 2189க்குக் கீழே வகுத்துப் பார்த்த தாளையும் வைத்திருந்தேன், அது ஒன்றுதான் இருந்தது. இந்தத் தடவையும் தபால் தலை ஒட்டிய உறை வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
தென்காசி