கண்ணபுரத்துப் பெருமாளும் இரவுப் பொங்கலும்

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் எழுத்துக் கூட்டாமல் படிக்க முடிகிறது என்று எழுதியிருந்ததைப் பார்த்து இங்கே அனைவருக்கும் நிம்மதி. திருக்கண்ணபுரம் பெருமாள் கோயிலுக்குப் போய்வந்ததைப் பற்றி விரிவாக எழுதச் சொல்லியிருந்தாய்.

அங்கே மூலவர் நீலமேகப் பெருமாள். உற்சவர் சவுரிராஜப் பெருமாள். கதைகள் எல்லாம் உற்சவரைச் சுற்றித்தான். பெருமாளுக்குச் சாற்றிக் களைந்த மாலையை அரசனுக்குக் கொடுப்பது வழக்கம். ஒருநாள் அர்ச்சகர், தம் அன்புக்குரியவள் சூடிய மாலையையே கொடுத்துவிட, அதில் ஒரு நீண்ட தலைமயிர் இருந்ததாம். அரசன் சினந்து கேட்க, உயிருக்கு அஞ்சிய அர்ச்சகர், பெருமாளுக்கே குடுமி உண்டு என்று சொல்லிவிட்டார். மறுநாள் அரசன் வந்து பார்த்தபோது திருமுடியில் கேசம் வளர்ந்திருந்தது. அந்த மனிதர் செய்ததில் நியாயம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் சொன்ன பொய்யைப் பெருமாள் தன் தலையில் ஏற்றுக்கொண்டார் என்று ஊரார் சொல்லும்போது அவர்கள் குரலில் குற்றச்சாட்டே இல்லை, உரிமைதான் தெரிகிறது. இந்த உரிமை அங்கே எங்கும் உண்டு. மதில்கள் இடிபட்டபோது வாளாவிருந்தாயே என்று, கோயிலில் பாசுரம் பாடும் அரையர் ஒருவர் தாளத்தை வீசியெறிந்தார் என்றும், அந்தத் தழும்பு இன்றும் பெருமாளின் புருவத்தின் மேல் இருக்கிறது என்றும் சொல்வர்.

எனக்கு மிகவும் பிடித்தது முனியோதரன் பொங்கல். முனையதரையர் என்னும் அடியவர் இரவில் வெகுநேரம் கழித்து வீடு திரும்ப, கோயில் அதற்குள் நடைசாத்தப்பட்டிருந்தது. வீட்டில் செய்த பொங்கலை மனத்தாலேயே பெருமாளுக்கு நிவேதித்தார். மறுநாள் கதவைத் திறந்தவர்கள் சந்நிதியில் பொங்கலைக் கண்டார்களாம். அன்று தொட்டு அர்த்தசாமத்தில் பொங்கல் நிவேதனம் நடக்கிறது. அரிசி, பாசிப்பருப்பு, நெய், இவ்வளவுதான். ஆனால் நெய் அப்படி ஊறியிருக்கும். உள்ளங்கையில் வாங்கியதும் விரல் இடுக்கெல்லாம் பளபளத்தது. கை கழுவிய பிறகும் மணம் போகவில்லை. புராணத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். மடைப்பள்ளிக்காரர்களோ அதை ஒவ்வோர் இரவும் அடுப்பேற்ற வேண்டியிருக்கிறது. மழையானாலும், தரிசனத்துக்கு நாலு பேர்தான் வந்திருந்தாலும், பொங்கல் நின்றுவிடக் கூடாது. கதையைக் காப்பாற்றி வருவது இந்த உழைப்புதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

காலையில் தீர்த்தமும் துளசியும் பெற்று, பெருமாளின் திருவடி பொறித்த சடாரியைத் தலையில் வைக்க வணங்கி நின்ற வேளையில், பக்கத்திலிருந்த முதியவர் ஒருவர் குலசேகராழ்வாரின் தாலாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இராமனைத் தாலாட்டும் அந்தப் பதிகம் இத்தலத்துப் பெருமாளுக்கே பாடியது என்பது உனக்குத் தெரிந்ததே. திருமங்கையாழ்வாரோ பெரிய திருமொழியின் எட்டாம் பத்து முழுவதையும் இவருக்கே கொடுத்துவிட்டார்.

மாசி மகத்தன்று உற்சவர் தீர்த்தவாரி என்னும் கடல் நீராட்டுக்காகக் காரைக்காலை அடுத்த திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரைக்கு எழுந்தருள்வார். பெருமாளின் தேவியான பத்மினி நாச்சியார் தங்கள் குலத்துப் பெண் என்பதால் மீனவர்கள் பெருமாளை "மாப்பிள்ளை" என்றே அழைத்து வரவேற்கிறார்கள். அந்த விழாவைப் பார்க்க இம்முறை நாங்கள் போவதாக இருக்கிறோம். வெயிலில் நிற்க உன் கண் மருத்துவர் அனுமதிப்பாரா என்று கேட்டு எழுது. அதற்கேற்ப வண்டிக்குச் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்