சிறுநீரகக் கட்டி என்றாலே புற்றுநோயா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறுநீரகப் புற்றுநோய் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் 'கட்டி தெரிந்தால் உடனே ஆபரேஷன்' என்று எழுதியிருந்தது மனதை உறுத்துகிறது. ஸ்கேன் பார்த்து அறிக்கை எழுதுவது என் தொழில். 4 செ.மீ.க்கு உட்பட்ட கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று புற்றுநோயே அல்ல.

ஆஞ்சியோமயோலிபோமாவை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தக்குழாய், தசை, கொழுப்பு மூன்றும் கலந்த கட்டி அது. சி.டி. ஸ்கேனில் கட்டிக்குள் கறுப்பாக ஒரு திட்டு தெரியும். அந்த இடத்தின் அடர்த்தியை அளந்தால் எண் மைனஸில் வரும். அப்படி வந்தால் அது கொழுப்பு, அநேகமாகக் கவலையில்லை. கட்டி சிறியதாக இருந்தால் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்தாலே போதும். பெரிதானால் உள்ளே ரத்தம் கசியும் ஆபத்து உண்டு. அப்போதும் தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை மட்டும் அடைத்துவிட முடியும். டியூபரஸ் ஸ்க்ளீரோசிஸ் என்ற மரபணு நோயால் வரும் இத்தகைய கட்டிகளை எவரோலிமஸ் மாத்திரை சுருக்குகிறது.

ஆன்கோசைட்டோமா என்ற, புற்றுநோய் அல்லாத இன்னொரு கட்டிதான் எங்களைத் திணறடிக்கும். நடுவில் நட்சத்திரம் போன்ற தழும்பு தெரிந்தாலும் ஸ்கேனை மட்டும் நம்பி உறுதி சொல்ல முடியாது. சில புற்றுக்கட்டிகளிலும் அதே தழும்பு இருக்கும். ஊசியால் கட்டியிலிருந்து சிறு துணுக்கை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி செய்யலாம் என்றால், ஊசி குத்தினால் புற்றுநோய் பரவிவிடுமே என்று பலரும் பயப்படுகிறார்கள். சிறுநீரகக் கட்டிகளில் அப்படிப் பரவுவது மிக மிக அபூர்வம். பயாப்ஸியிலும் சில சமயம் முடிவு தெளிவாக வராது, உண்மைதான். அப்புறமும் கண்காணிப்பில் வைத்திருக்கலாம், அல்லது கட்டியை மட்டும் எடுத்துவிட்டுச் சிறுநீரகத்தைக் காப்பாற்றலாம்.

ஆபரேஷனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இளம் வயதிலேயே கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், கூடவே பொட்டாசியம் குறைவு என்றால் ரெனினோமாவையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்தை ஏற்றும் ரெனின் என்ற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கும் சிறு சிறுநீரகக் கட்டி இது. சாதாரண ஸ்கேனில் எளிதில் கண்ணில் படாது. கண்டுபிடித்து எடுத்துவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு ரத்த அழுத்தம் சரியாகிவிடும்.

முழுச் சிறுநீரகத்தையும் எடுக்க வேண்டும் என்று கேள்விப்பட்டுக் கலங்கி நிற்கும் குடும்பங்களும் உங்கள் இதழைப் படிப்பார்கள். கட்டியை மட்டும் எடுக்க முடியாதா, முதலில் பயாப்ஸி பார்க்கலாமா என்று மருத்துவரிடம் அவர்கள் தயங்காமல் கேட்கலாம். அடுத்த இதழிலேயே இதைப் பற்றித் தனிக் கட்டுரை வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு கதிரியக்க மருத்துவர்