விடுதலைப் பத்திரத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்: படிவம் செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

இணையத்தில் இலவசமாகச் சட்டப் படிவங்கள் தயாரித்துத் தரும் இளம் வக்கீல்களுக்கும், அவர்களுக்குக் கணினி வேலை பார்த்துக் கொடுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிறவள் நான். கணவரை இழந்து வருகிற பெண்களில் சிலர் இப்போது உங்கள் படிவங்களை அச்செடுத்துக் கையோடு கொண்டுவருகிறார்கள். நல்லதுதான், என் பிழைப்பில் கை வைக்கிறீர்களே என்று சண்டைக்கு வரவில்லை. ஆனால் ஒன்று கேட்டே ஆகவேண்டும். வாரிசுச் சான்றிதழ் மனு, பேங்குக்குக் கொடுக்கிற கடிதம், விடுதலைப் பத்திரம் எல்லாம் ஒரே பக்கத்தில், ஒரே நிறப் பட்டனோடு வரிசையாக நிற்கின்றனவே, இது என்ன கணக்கு? முதல் இரண்டும் அவளுக்கு வரவேண்டியதைக் கேட்கிற காகிதம். மூன்றாவது, அவளுடைய பங்கை அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்கிற காகிதம்.

நடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. காரியம் முடிந்த ஈரம் காய்வதற்குள் கொழுந்தனார் வருவார், "அண்ணி, பட்டா மாத்தணும், ஒரு கையெழுத்துதான்" என்பார். முன்பெல்லாம் அதற்குப் பத்திரம் எழுதுகிறவரிடம் போக வேண்டும், அங்கே யாராவது ஒருத்தர் "ஏம்மா, இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?" என்று கேட்கவாவது வாய்ப்பு இருந்தது. இப்போது பெயரையும் சர்வே நம்பரையும் தட்டினால் ஐந்து நிமிஷத்தில் பத்திர வாசகம் தயார். சார் பதிவாளர் முன்னால் பதிய வேண்டுமே என்பீர்கள். சரிதான், ஆனால் சொந்தக்காரர்கள் நாலு பேர் சூழ்ந்து காரில் ஏற்றி அழைத்துப் போகும்போது எந்தப் பெண் அங்கே வாய் திறப்பாள்?

கணவர் தானாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் போய்விட்ட சொத்தில் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் அவருடைய தாய்க்கும் சம பங்கு என்று 1956-ஆம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்கிறது. இவர்களில் ஒருவர் இருந்தாலும் அண்ணன் தம்பிக்கு ஒன்றும் கிடையாது. மறுமணம் செய்துகொண்டாலும் அந்தப் பங்கு போகாது. (மறுமணத்தை அனுமதித்த 1856-ஆம் வருஷச் சட்டம் அதே கையோடு முதல் கணவர் சொத்தைப் பறித்துக்கொண்டது, அந்தச் சட்டமே 1983-இல் போய்விட்டது. ஊரில் இன்னும் அதைத்தான் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள்.) இதே பெண் முஸ்லிம் என்றால் பிள்ளைகள் இருக்கும்போது எட்டில் ஒன்று, கிறிஸ்தவர் என்றால் மூன்றில் ஒன்று. உங்களுக்கு மனப்பாடமான விஷயம்தான், படிவத்தில் மட்டும் ஒரு வரி இல்லை.

அதனால் விடுதலைப் பத்திரத்தைத் தனியாக, உள்ளே தள்ளி வையுங்கள். திறப்பதற்கு முன் கேளுங்கள்: உங்கள் பங்கு எவ்வளவு என்று தெரியுமா, இதற்குப் பதில் பணம் வருகிறதா, பிள்ளைகள் மைனரா? மைனர் என்றால் அவர்கள் பங்கைக் கோர்ட் அனுமதி இல்லாமல் தாய்கூட எழுதிக் கொடுக்க முடியாது என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தரச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் போடுங்கள். சொத்தைக் கையாள இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கிற பொது அதிகாரப் பத்திரத்துக்கும் (பவர் பத்திரம்) இதே மரியாதை செய்யுங்கள்.

கேட்கிற காகிதங்களில் உங்களிடம் இல்லாதவை நிறைய. என்னிடம் வருகிற பெண் மஞ்சப்பையைக் கவிழ்த்தால் மருந்துச் சீட்டு, கரண்ட் பில், அவர் ஆதார், ஓரம் மடங்கிய பாஸ்புக் எல்லாம் விழும். நான் முதலில் எடுப்பது பாஸ்புக். மே மாதக் கடைசிப் பக்கத்தில் 436 ரூபாய் கழிந்திருக்கிறதா என்று விரலை வைத்துத் தேடுவேன். இருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு, 2 லட்சம். 20 ரூபாய் கழிந்திருந்து அவர் போனது விபத்தில் என்றால் இன்னொரு 2 லட்சம். அந்தப் பெண்ணுக்கு இப்படி ஒன்று எடுத்திருப்பதே தெரியாது, பேங்கில் யாரும் கூப்பிட்டுச் சொல்லவும் மாட்டார்கள். மில்லில் வேலை பார்த்தவர் என்றால் பி.எஃப். பணத்தை மட்டும் வாங்கிவிட்டு வந்துவிடுகிறார்கள், அதோடு சேர்ந்த காப்பீட்டையும் மாதப் பென்ஷனையும் கேட்பதில்லை. "பாஸ்புக்கில் இது இருக்கிறதா?" என்று ஒரு கேள்வியைப் போட்டு, ஆமாம் என்றால் க்ளெய்ம் படிவம் தானாகத் திறக்கிற மாதிரி செய்ய உங்களால் முடியாதா?

அப்புறம் அந்தப் பெயர்க் கட்டம். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்டால் எங்கள் ஊர்ப் பெண் என்ன செய்வாள்? ஆதாரில் அப்பா இனிஷியலோடு செல்வி, ரேஷன் கார்டில் புருஷன் இனிஷியலோடு தமிழ்ச்செல்வி. இரண்டும் ஒருவரே என்கிற உறுதிமொழிப் பத்திரம்தான் அவளுக்கு முதலில் தேவை. அதைக் காணோம்.

நேரம் இருந்தால் ஒரு திங்கட்கிழமை லேப்டாப்போடு வாருங்கள். இரண்டு மணிக்கு மேல் கூட்டம் குறையும், மரத்தடியில் என் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட இடம் இருக்கிறது.