சோப்பு எங்கே போகிறது?

ஐயா,

அக்டோபர் 15 உலகக் கைகழுவும் நாள். எங்கள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சமயமும் அதுவே. இலங்கைப் போரால் இடம்பெயர்ந்து இங்கே முகாம்களில் வாழும் ஈழத்தவருக்கு அன்று ஆளுக்கொரு சோப்புக் கட்டி கொடுத்துப் படம் பிடித்துக்கொள்வதோடு வேலை முடியாது.

மொசாம்பிக் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி வந்தவர்கள் தங்கிய மலாவியின் நியாமிதூத்து முகாமில் 1993-இல் வீடு வீடாக ஆய்வு நடந்தது. வீட்டில் சோப்பு இருந்தபோது வயிற்றுப்போக்கு 27 சதவீதம் குறைந்தது. ஆனால் சோப்பு விநியோகித்தும், விசாரிக்கப் போன நாட்களில் 38 சதவீதத்தில்தான் வீட்டில் சோப்பு இருந்தது. மற்ற நாட்களில் குளியலிலும் துணி துவைப்பதிலும் கரைந்து போயிருந்தது. இதில் அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? பிள்ளையின் பள்ளிச் சீருடை அழுக்காக இருந்தால் எந்தத் தாயும் கையிலிருக்கும் கட்டியைத்தான் எடுப்பாள். நிவாரணப் பணிகளுக்கான ஸ்பியர் அளவுகோலும் ஒருவருக்கு மாதம் குளியல் சோப்பு 250 கிராம், துணி சோப்பு 200 கிராம் என்று பிரித்தே சொல்கிறது.

ஆகவே கைகழுவ மட்டும் பயன்படும் ஒன்று கழிப்பறை வாசலில் இருக்க வேண்டும். அதற்குச் சோப்புத் தண்ணீர் பாட்டில் போதும். ஒன்றரை லிட்டர் பாட்டிலில் முதலில் தண்ணீர், பிறகு 30 கிராம் சலவைத்தூள். தூளை முதலில் போட்டால் நுரை பொங்கி வழியும். மூடியில் சூடேற்றிய ஊசியால் ஒரே ஒரு துளை. ஆணியால் குத்தினால் துளை பெரிதாகிச் சாயங்காலத்துக்குள் பாட்டில் காலி. ஒரு கிலோ பொட்டலத்தில் 33 பாட்டில் தேறும். துணி துவைக்கக் கட்டியைப் போல வசதிப்படாது என்பதால் யாரும் தூக்கிப் போவதும் குறைவு. குளிர்பான பாட்டில் என்று பிள்ளைகள் குடித்துவிடாதபடி லேபிளை உரித்து, 'சவர்க்காரத் தண்ணி' என்று பெரிதாக எழுதுங்கள். ஈழத்தவர் வாயில் சோப்புக்கு அதுதான் சொல்.

அருகில் மூடியுள்ள 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, அதில் ஒரு குழாய். துளையை அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே போட்டால் மண்டி குழாய்க்கு வராது. ரப்பர் வாஷர் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. வெளியே மட்டும் போட்ட வாளிதான் ஒழுகுகிறது. ஒரு தடவைக்குக் கால் லிட்டர் போனாலும், குழாய்க்குக் கீழே தங்கும் தண்ணீர் போக 60 பேருக்கு மேல் கழுவலாம். அழுக்குக் கையால் திறந்த குழாயையே கழுவிய கையால் மூட வேண்டியிருப்பதால், கையோடு குழாய்த் திருகையும் சோப்புத் தண்ணீரால் தேய்த்துவிடுவது நல்லது. கைக்குழந்தையின் மலம் தீங்கற்றது என்ற எண்ணம் பலரிடம் உண்டு, அது தவறு. குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பிறகும் சோப்பு போட்டே கை கழுவ வேண்டும்.

பெரும்பாலும் ஏற்பாட்டைக் கெடுப்பது சேறுதான். நாலு நாளில் வாளியடி சொதசொதவென்று ஆகிவிட்டால் பெண்கள் அந்தப் பக்கமே போக மாட்டார்கள். மற்ற ஊர்களில் செங்கல் ஜல்லி நிரப்பிய உறிஞ்சுகுழி சரி. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும் நம் கரையோரத் தாழ்வில் அந்தக் குழியே நிறைந்து வழியும். மேடை கட்டி, கழிவுநீரைக் குழாய் வழியே வாழைப் பாத்திக்கு விடுவதே இங்கே ஒத்துவரும்.

மாவட்ட நிர்வாகம் மழைக்கு முன்பே சலவைத்தூளையும் குழாய் வைத்த வாளிகளையும் தனியே ஒதுக்க வேண்டும். வாளியை நிரப்பும் பொறுப்பையும் வீட்டு வரிசைக்கு ஒருவர் பெயரில் எழுதிவைக்க வேண்டும். அதைச் சிறுவர்களிடம் விட வேண்டாம். நிறைந்த வாளி 20 கிலோவுக்கு மேல் கனக்கும். வாளியை மேடையிலேயே விட்டு, குடத்தில் கொண்டுவந்து ஊற்றட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்கள்,
ஆரம்பாக்கம்.