வரலாற்று வகுப்பு குறித்துப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன் வகுப்பு முடிந்து மகளை அழைத்துப்போக வந்த ஒரு அப்பா என்னை வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்: “டீச்சர், ஜேம்ஸ்டவுன் கதையெல்லாம் அவங்க ஸ்கூல்லயே சொல்லித் தர்றாங்க. நாங்க சனிக்கிழமை காலைல நாற்பது நிமிஷம் கார் ஓட்டிக்கிட்டு வர்றது தமிழுக்குத்தானே?” நியாயமான கேள்விதான். அதன்பின் வாட்ஸ்அப்பில் இன்னும் நான்கைந்து பேர் அதையே கேட்டீர்கள், ஒருவர் சற்றுக் காரமாகவே. எல்லோருக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் உயர்நிலை வகுப்பில் இருக்கும் 14 பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த ஆண்டு பள்ளியில் வர்ஜீனியா, அமெரிக்க வரலாறு படிக்கிறார்கள். வாரம் முழுக்க அவர்கள் மண்டைக்குள் ஓடுவது அதுதான். சனிக்கிழமை இங்கே வந்து உட்கார்ந்ததும் ‘நான் கொண்டாடிய பொங்கல்’ என்று கட்டுரை எழுதச் சொல்கிறோம். ஆறு வருஷமாக அதே பொங்கல், அதே கரும்பு. பதினாறு வயதுப் பிள்ளையின் தமிழ் “பசிக்குது”, “தூக்கம் வருது”, “பாட்டி எப்படி இருக்கீங்க” என்பதோடு நின்றுபோவதற்குக் காரணம் பெரிய விஷயங்களைப் பேச நாம் அந்தத் தமிழுக்கு இடமே கொடுக்காததுதான். அதனால் இந்தப் பருவத்தில், ஆங்கிலேயர் ஜேம்ஸ்டவுனில் குடியேறிய 1607 முதல் யார்க்டவுனில் அவர்கள் படை சரணடைந்த 1781 வரையிலான வர்ஜீனியாவைத் தமிழில் வாசித்து, தமிழில் வாதாடி, தமிழில் எழுதுகிறோம்.

முதல் தகராறு பெயரில் தொடங்கியது. 1607-இல் மூன்று கப்பல்களில் வந்து இறங்கிய 104 ஆண்களும் சிறுவர்களும் யாருடைய மண்ணில் இறங்கினார்கள்? நாம் சிறு வயதில் படித்த தமிழ்ப் புத்தகங்களில் ‘செவ்விந்தியர்’ என்றிருக்கும். கொலம்பஸின் தவறையும் தோலின் நிறத்தையும் ஒரே சொல்லில் கட்டிய பெயர் அது. பிள்ளைகள் அதை ஏற்கவில்லை. ‘பூர்வகுடிகள்’ என்று பொதுவாகவும், தெரிந்த இடத்தில் பொவாத்தான், பமங்கி என்று அவரவர் பெயராலும் எழுதுவது என்று முடிவானது. பமங்கி மக்கள் இன்றும் இதே மாநிலத்தில் இருக்கிறார்கள். 1677-இல் செய்த ஒப்பந்தத்தின்படி ஆண்டுதோறும் நன்றி நவிலல் நாளை ஒட்டி ஆளுநருக்கு மான் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ரிச்மண்டில் பத்து வருஷம் இருந்தும் எனக்கு இது போன மாதம்தான் தெரிந்தது.

அடுத்தது ‘ஒப்பந்தக் கூலி’. கப்பல் கூலி கொடுக்க வழியில்லாத ஆங்கிலேய ஏழைகள் நான்கிலிருந்து ஏழு வருஷம் உழைத்துக் கழிப்பதாகக் கையெழுத்திட்டுப் புகையிலைத் தோட்டங்களுக்கு வந்தார்கள். இந்தச் சொல்லைப் பலகையில் எழுதியதும் ஒரு பையன், தன் அம்மா வழிப் பாட்டனார் குடும்பம் மலேயா ரப்பர் தோட்டத்திலிருந்து திரும்பியது என்றான். அவன் பள்ளியில் ஆங்கிலத்தில் இதே பாடம் நடந்தபோது அது அவனுக்குத் தோன்றவே இல்லையாம். தமிழ்ச் சொல்லைப் பார்த்ததும்தான் தோன்றியிருக்கிறது.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது 1662-ஆம் ஆண்டுச் சட்டம் படித்த வகுப்பு. அதன் பின்னணி உங்களுக்கும் தெரிய வேண்டும். எலிசபெத் கீ என்ற பெண்ணின் தாய் ஆப்பிரிக்கர், தந்தை ஆங்கிலேயர். தந்தையின் நிலையே பிள்ளைக்கு வரும் என்பது இங்கிலாந்தின் வழக்கம். என் தந்தை சுதந்திர மனிதர், ஆகவே நானும் அப்படியே என்று அந்தப் பெண் வழக்காடி, 1656-இல் விடுதலை பெற்றார். ஆறே வருஷத்தில் வர்ஜீனியா சட்டமன்றம் அந்தக் கதவை அடைத்தது: இனிமேல் தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை. எஜமானனே தகப்பனாக இருந்தாலும் பிள்ளை அவன் சொத்துக் கணக்கில் சேரும். இந்தச் சட்டத்தை ஒரே வாக்கியத்தில் தமிழில் எழுதுங்கள் என்றேன். ஒரு மாணவி எழுதிக் காட்டியது: “தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை.”

நாம் தாலாட்டுப் போலச் சொல்லி வளர்ந்த பழமொழி. அந்த இடத்தில் அதைப் படித்தபோது எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. முழு மதிப்பெண் போட்டேன்.

அன்றுதான் இன்னொரு பிள்ளை, “நம்ம ஊர்லயும் அடிமைகள் இருந்தாங்களா, டீச்சர்?” என்று கேட்டது. ஒரு அம்மா இதுபற்றி வருத்தப்பட்டு எழுதியிருந்தீர்கள், இதையெல்லாம் ஏன் கிளற வேண்டும் என்று. அம்மா, கேள்வியைக் கிளப்பியது பிள்ளை. பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருந்தார்கள் என்றேன். சுந்தரர் கல்யாணத்தில் கிழவர் வேடத்தில் வந்த சிவபெருமான், சுந்தரர் தனக்கு அடிமை என்று எழுதிய ஆளோலையை நீட்டி வழக்காடிய கதையைச் சொன்னேன். ஒரு மனிதனை ஓலையில் எழுதி வைத்துக்கொள்ளும் வழக்கம் ஊரார்க்குத் தெரிந்திருந்ததால்தான் அந்தக் கதை நிற்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஆட்களைக் கோயிலுக்கு விற்ற செய்திகள் உண்டு. நிலத்தோடு சேர்த்து மனிதரைக் கைமாற்றிய சாதிக் கொடுமை உண்டு. இந்தியாவில் அடிமைமுறைக்குச் சட்டத்தின் துணை நீங்கியது 1843-இல்தான். இங்கே தோலின் நிறத்தை வைத்துச் செய்ததை அங்கே பிறந்த சாதியை வைத்துச் செய்தார்கள், இரண்டும் ஒன்றல்ல என்றும் சொன்னேன். வீட்டில் பேச்சு வந்தால் “அதெல்லாம் அந்தக் காலம்” என்று தட்டிக்கழிக்காமல், உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். உங்கள் தாத்தா காலத்து ஊரைப் பற்றி என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும்.

1619 பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, பிள்ளைகள் எழுதிய கட்டுரைகள் உங்கள் கைக்கு வரும். அந்த ஒரே கோடையில் ஜூலை இறுதியில் ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் முதன்முதலாகக் கூடியதும், ஆகஸ்ட் இறுதியில் வர்ஜீனியாக் கரையில் உள்ள பாயின்ட் கம்ஃபர்ட்டில் இருபதுக்குச் சற்று அதிகமான ஆப்பிரிக்கர்கள் உணவுக்கு மாற்றாக விற்கப்பட்டதும் நடந்தன. இரண்டில் எதை முதலில் சொல்வது என்று வகுப்பு இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது.

நம்மவர் இதில் எங்கே என்று கேட்பவர்களுக்கு: ஆள் ஒருவரைக் கடல் கடத்திக் கொண்டுவந்தால் 50 ஏக்கர் நிலம் என்பது இந்தக் குடியேற்றத்தின் விதி. 1635-இல் ஜார்ஜ் மெனிஃபி என்ற நிலக்கிழார் அப்படிக் கொடுத்த பட்டியலில் ‘டோனி, கிழக்கிந்தியர்’ என்று ஒரு வரி இருக்கிறது. ஊர்ப் பெயரும் இல்லை, அவர் தாய் வைத்த பெயரும் இல்லை. அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு மாணவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் கற்பனையாக எழுத வேண்டும் என்பது இந்த வார வீட்டுப்பாடம். நீங்களே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். போன முறை இரண்டு கட்டுரைகளில் ‘ஆதலின்’ வந்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது.

சேலம், தருமபுரி, திண்டுக்கல் பக்கத்துப் பெற்றோர்கள் யார்க்டவுன் பாடத்தைக் கட்டாயம் கேளுங்கள். 1781 அக்டோபர் 19 அன்று அமெரிக்க விடுதலைப் போரில் அங்கே வாஷிங்டனிடம் சரணடைந்த பிரிட்டிஷ் படையின் தளபதி கார்ன்வாலிஸ். உடம்பு சரியில்லை என்று சொல்லி வாளைக் கொடுக்க வேறொருவரை அனுப்பினார். ஐந்து வருஷத்தில் அதே மனிதர் இந்தியாவின் தலைமை ஆளுநர். 1792-இல் திப்புவை மடக்கி, அவர் மகன்கள் இருவரைப் பிணையாக வாங்கிக்கொண்டு, பாராமகாலையும் (சேலம், தருமபுரி பக்கம்) திண்டுக்கல்லையும் கம்பெனிக்கு எழுதி வாங்கியவர் அவர்தான். இங்கே விட்டதை அங்கே பிடித்தார் என்று வகுப்பில் சொன்னேன், ஒருவரும் சிரிக்கவில்லை.

இனிப் பயணம். ஏப்ரல் இரண்டாம் சனிக்கிழமை ஜேம்ஸ்டவுன் போகிறோம். கவனம்: ‘ஹிஸ்டாரிக் ஜேம்ஸ்டவுன்’ என்பது உண்மையான கோட்டை இருந்த இடம். ‘ஜேம்ஸ்டவுன் செட்டில்மென்ட்’ என்பது கப்பல் மாதிரிகள் நிற்கும் அருங்காட்சியகம். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஜிபிஎஸ் குழப்பும். நாம் கூடுவது முதலாவதில், காலை 10 மணிக்கு. அங்குள்ள காட்சிக்கூடத்தில் 1609–10 பஞ்சக் குளிர்காலத்தில் இறந்த, சுமார் 14 வயது ஆங்கிலேயச் சிறுமி ஒருத்தியின் எலும்புகள் பற்றிய பகுதி உண்டு. கோட்டைக்குள் இருந்த சுமார் 300 பேரில் 60 பேர்தான் அந்தக் குளிரைத் தாண்டினார்கள், பசி மனிதரை எதுவரை கொண்டுபோனது என்பதை அந்த எலும்புகளின் வெட்டுத் தடங்கள் காட்டுகின்றன. தம்பி தங்கைகளை அழைத்து வருபவர்கள் அந்தப் பகுதியைத் தவிர்த்துவிடலாம்.

மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு வாருங்கள். தயிர்சாதத்துக்கு மோர்மிளகாய் கொண்டுவருபவர்கள் நினைவில் வையுங்கள், மிளகாய் இந்தக் கண்டங்களிலிருந்து நம் ஊருக்கு வந்தது. பிள்ளைகள் நிச்சயம் சொல்லிக் காட்டுவார்கள். சாயங்காலம் ஜேம்ஸ் ஆற்றைக் கடக்கும் படகில் ஒருமுறை போய்வரலாம், கட்டணம் இல்லை.

இத்துடன் உள்ள அனுமதிப் படிவத்தைக் கையெழுத்திட்டு அடுத்த சனிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். காரில் இடம் இருப்பவர்கள் எத்தனை பேரை ஏற்றிக்கொள்ள முடியும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்