தூண்களில் மிஞ்சிய கைகள்

பொலோன்யா
செவ்வாய் இரவு

அன்புள்ள பங்காளி,

நலம், நலமறிய ஆவல். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகத் தங்கச்சி சொன்னாள். இந்தக் கடிதத்தைப் பாப்பாதான் உனக்கு வாசித்துக் காட்டப் போகிறாள் என்பதால், வழக்கமாக உன்னைத் திட்டி எழுதும் முதல் பத்தியை விட்டுவிட்டேன். நீயே மனதுக்குள் நிரப்பிக்கொள். இத்தனை நாள் எழுதாததற்குச் சோம்பல் தவிர வேறு காரணமில்லை. மகன் வீட்டில் பேரன் என்னை உட்கார விடுவதில்லை, மூட்டுவலி நடக்க விடுவதில்லை. முட்டைக்கண்ணன் செய்தி கேள்விப்பட்டேன். அவன் அப்படித்தான் செய்வான் என்று அன்றைக்கே சொன்னேனா இல்லையா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கே இத்தாலியில் ரவென்னா நகரத்துக்குப் போய் வந்துவிட்டேன். பாளையங்கோட்டை விடுதி மொட்டைமாடியில் நீ கிழக்கு ரோமப் பேரரசர் ஜஸ்டினியன், நான் ரவென்னாவிலிருந்து இத்தாலியை ஆண்ட கோத்து அரசர் தியோடோரிக் என்று கட்சி பிரித்து விடிய விடியக் கத்தினோமே, அந்த வழக்குக்கு இப்போது ஒரு சாட்சி அகப்பட்டிருக்கிறது. நீ ஒப்புக்கொள்ள மாட்டாய், தெரியும். கேள்.

முதலில் உன் ஆளையே போய்ப் பார்த்தேன். சான் விட்டாலே கோயில், 547இல் அர்ச்சிக்கப்பட்டது. ஜஸ்டினியன் ஒரு சுவரில், அவர் மனைவி தியோடோரா எதிர்ச் சுவரில். ஜோராகத்தான் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. மொசைக் படங்கள், தங்கத் தகட்டை உள்ளே வைத்த கண்ணாடிச் சில்லுகள். ஒவ்வொன்றும் கொஞ்சம் சாய்வாகப் பதிக்கப்பட்டிருப்பதால் நாம் நகர நகரச் சுவரே அசைகிறது. இவ்வளவு பகட்டாக நிற்கிற இரண்டு பேரும் ஒருநாள்கூட ரவென்னாவில் கால் வைத்ததில்லை. ஜஸ்டினியன் பக்கத்தில் நிற்கும் பிஷப் மாக்ஸிமியானுக்கு மட்டும் தலைக்கு மேலே பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். பேரரசருக்குப் பெயர் தேவையில்லை, பிஷப்புக்குத் தேவைப்பட்டிருக்கிறது. நம் ஊர்க் கல்வெட்டுத் திறப்புவிழாக்களில் இதே வியாதியைப் பார்த்திருக்கிறோம்.

அங்கிருந்து சான்ட் அப்போலினாரே நுவோவோ. இது என் ஆள் கட்டியது, அரண்மனைக் கோயில். உள்ளே நுழைந்ததும் வலப்பக்கச் சுவரில் அரண்மனையின் படம்: முகப்பில் 'பலாடியம்' என்று எழுத்து, தூண்கள், வளைவுகள், தூண்களுக்கு நடுவே வெள்ளைத் திரைகள். திரைகளை முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார்கள். சுற்றுலாக் கூட்டம் ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. நான் உட்கார இடம் கிடைத்ததால் (மூட்டுக்கு நன்றி) நிதானமாகப் பார்த்தேன். ஒரு தூணின் நடுவில் ஒரு கை. வெறும் கை. நான்கு விரலும் மணிக்கட்டும் தூணின் வெள்ளை மேல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கைக்குச் சொந்தக்காரன் இல்லை. அடுத்த தூணில் இன்னொன்று. ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு வேறெதையும் பார்க்க முடியவில்லையடா.

நடந்தது இதுதான். வளைவுகளின் கீழே முன்பு ஆட்கள் நின்றிருந்தார்கள். தியோடோரிக்கின் அரசவையாக இருக்கலாம், நடுவில் அவரே இருந்திருக்கலாம். 540இல் ஜஸ்டினியனின் தளபதி பெலிஸாரியஸ் ஊரைப் பிடித்தார். கோத்துகள் ஆரியுஸ் வழிக் கிறிஸ்தவர்கள்; மகன் பிதாவுக்குச் சமமல்ல என்பவர்கள். 561 வாக்கில் அவர்களுடைய கோயில்கள் எல்லாம் ஜஸ்டினியன் உத்தரவில் கத்தோலிக்கர் கைக்கு மாறின. பிஷப் அக்னெல்லஸ் இந்தச் சுவரைத் 'திருத்தினார்'. ஆட்களைச் சில்லு சில்லாகப் பெயர்த்து எடுத்துவிட்டுத் திரையைப் பதித்தார்கள். தூணின் குறுக்கே நீட்டியிருந்த கைகளை எடுக்க வேண்டுமானால் தூணையும் உடைத்துத் திரும்பக் கட்ட வேண்டும். வேலைக்காரனுக்குச் சலிப்பு, விட்டுவிட்டான். எதிர்ச்சுவரில், ரவென்னாவின் துறைமுகமான கிளாஸேயின் படத்திலும் மதிலோரம் நின்றவர்களை எடுத்து, செங்கல் நிறத்தால் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். இந்த இரண்டு படங்களிலிருந்தும் புறப்பட்டுப் போகிற 26 வேதசாட்சிகள், 22 கன்னியர் ஊர்வலங்களும் அந்தத் திருத்தத்தில் வந்தவைதான். வேதசாட்சிகளுக்குத் தலைமை தாங்குவது மார்ட்டின்; மதபேதத்துக்கு எதிரி என்று பெயர் வாங்கியவர். கோயிலையே அவர் பெயருக்கு மாற்றிவிட்டார்கள்.

உன் கேள்வி என் காதில் விழுகிறது: "உன் தியோடோரிக் மட்டும் யோக்கியனா?" இல்லை. தனக்கு முன்னால் இத்தாலியை ஆண்ட ஒடோவாக்கரை 493இல் சமாதானம் பேசி விருந்துக்குக் கூப்பிட்டுத் தன் கையாலேயே வெட்டிப் போட்டவர். தத்துவ அறிஞர் போயத்தியஸ் கதை அதைவிட மோசம். அரசருடைய முதன்மை அதிகாரியாக இருந்த மனிதர். குற்றம் சாட்டப்பட்ட ஒரு செனட்டருக்காகப் பேசப்போய், தானே ராஜத்துரோகி ஆனார். 524ஐ ஒட்டிக் கொலைத் தண்டனை. அந்தப் பதவியில் வந்து உட்கார்ந்தவர் நம் காஸியோடோரஸ். அரசர்கள் பெயரிலும் தன் பெயரிலும் அவர் எழுதிய 468 கடிதங்களைப் பன்னிரண்டு புத்தகங்களாகத் தொகுத்தார். அவற்றில் போயத்தியஸுக்கு எழுதிய கடிதம்கூட உண்டு: பர்கண்டி அரசருக்கு அனுப்ப ஒரு நீர்க்கடிகாரமும் சூரியக் கடிகாரமும் செய்வித்துத் தாருங்கள் என்று எவ்வளவு நயமான வேண்டுகோள்! அந்த மனிதர் செத்தது பற்றி ஒரு வரி இல்லை. விடுதி நாட்களில் இதை வாசித்தபோது நானும் சிரித்துக்கொண்டு கடந்துவிட்டேன். இப்போது, ஆபீஸில் முப்பது வருஷம் ஓட்டியவனாக வாசிக்கும்போது, காஸியோடோரஸைப் பார்த்தால் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது. ஒரு ஆள் போனதும் அந்த மேசைக்குப் போய் உட்கார்ந்து, கோப்பில் அவர் பெயர் வராமல் பார்த்துக்கொள்கிற மனிதர்களை நாம் இரண்டு பேருமே பார்த்திருக்கிறோம்.

ஆனால் அதே தொகுப்பில், ஜெனோவா யூதர்களுக்குத் தியோடோரிக் பெயரில் போன கடிதத்தில், மதத்தை நாம் கட்டளையிட முடியாது, விருப்பமில்லாமல் நம்பும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று ஒரு வாக்கியம் வருகிறது. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசுக் கடிதத்தில் இதை எழுதிய ஆட்சியையும், சுவரிலிருந்து ஆட்களைப் பெயர்த்த ஆட்சியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லு. ஜஸ்டினியன் இத்தாலியைப் பிடிக்க நடத்தியதை நீ 'மீட்பு' என்று சொல்வாயே, அந்தப் போர் 535இல் தொடங்கி ஏறத்தாழ இருபது வருஷம் இழுத்தது. 546இல் கோத்து அரசர் டோட்டிலா ரோமைப் பிடித்தபோது சாமானிய ஜனங்களில் ஐந்நூறு பேர்தான் ஊரில் மிச்சம் என்று எழுதுவது யார்? ஜஸ்டினியன் காலத்து வரலாற்றாசிரியர், உன் புரோகோப்பியஸ்தான். என் கட்சி ஆளில்லை.

கடைசியாக, உண்மையான சாட்சி. நேப்பிள்ஸில் பாதுகாக்கப்படும் ஒரு பாப்பிரஸ் பத்திரம், 551ஆம் வருஷத்தது, ரவென்னாவில் எழுதியது. ஊர் கோத்துகள் கையைவிட்டுப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. கோயில்கள் பறிபோக இன்னும் பத்து வருஷம். புனித அனஸ்தாசியா என்ற கோத்துக் கோயிலின் குருமார்கள் கடன் தொல்லையில் ஒரு சதுப்பு நிலத்தை விற்கிறார்கள். விலை 180 சாலிடஸ் பொற்காசு. அதில் 120 ஏற்கெனவே வாங்கிய கடன், கையில் வந்தது 60. நம் பக்கம் அடமான நிலம் கிரயமாவது போலவேதான். பத்திரம் லத்தீனில், ஆனால் கீழே நான்கு பேர் தங்கள் கோத்திக் மொழியில், தங்கள் எழுத்தில் ஒப்பமிட்டிருக்கிறார்கள். உஃபிதஹாரி என்ற பாதிரியார், ஒரு டீக்கன், மெரிலா, வில்யரித் என்ற இரண்டு எழுத்தர்கள். நான்கு பேரும் ஒரே வாசகம்: இன்னார் ஆகிய நான், என் கையால் ஒப்பமிட்டேன்.

ஊருக்கு வெளியே தியோடோரிக் கல்லறையையும் பார்த்தேன். கூரை முழுவதும் அட்ரியாடிக் கடலுக்கு அப்புறமுள்ள இஸ்திரியாவிலிருந்து வந்த ஒரே கல். குறுக்களவு பத்து மீட்டருக்கு மேல், எடை இருநூறு டன்னுக்கு மேல். மேல்மாடியில் ஒரு செம்மண் நிறக் கல்தொட்டி, காலி. எலும்பை என்ன செய்தார்கள் என்று அங்கே யாரைக் கேட்டாலும் தோளைக் குலுக்குகிறார்கள். மழை வந்துவிட்டது, பஸ் நிறுத்தத்தில் ஒரு மணிநேரம் நின்றதில் முழங்கால் வீங்கிவிட்டது. மருமகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

படங்கள் தனியாக அனுப்புகிறேன். டாக்டர் அனுமதித்த பிறகு பார், அவசரமில்லை. பாப்பாவிடம் பெரிதாக்கிக் காட்டச் சொல், இடப்பக்கத்திலிருந்து தேடு. உன் பரணில் என் காஸியோடோரஸ் புத்தகம் இருக்கிறது, 1987இலிருந்து. அதை மார்ச்சில் ஊருக்கு வரும்போது வாங்கிக்கொள்கிறேன், இல்லையென்று சொல்லாதே. ஜஸ்டினியனுக்காக நீ வாதாடுவதென்றால் எழுத்தில் அனுப்பு. போனில் உன்னை யாராலும் ஜெயிக்க முடியாது.

தங்கச்சிக்கும் பாப்பாவுக்கும் என் அன்பு. சொட்டு மருந்தை வேளாவேளைக்குப் போடு.

உன்
கோத்துப் பயல்