வண்டிக்கு மின்சார மோட்டார் வாங்க வரும்போது லோடைச் சொல்லுங்கள்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றுகிறவர்கள், தண்டையார்பேட்டையில் தண்ணீர் கேன் போடுகிறவர்கள், யார் தங்கள் வண்டிக்கு மின்சார மோட்டார் மாட்டக் கடைக்கு வந்தாலும் முதலில் கேட்பது, "எத்தனை வாட் மோட்டார் இருக்கு?" நாங்கள் திருப்பிக் கேட்போம்: லோடு எவ்வளவு? வழியில் மேம்பாலம் உண்டா?

வண்டி, ஆள், சரக்கு எல்லாம் சேர்த்து 400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமதளத்தில் மணிக்கு 20 கிலோமீட்டரில் ஓட, சக்கரத்துக்கு ஏறக்குறைய 330 வாட் போதும். 100 அடிக்கு 5 அடி உயரும் ஏற்றத்தில், வேகத்தைப் பாதியாகக் குறைத்தாலும் 700 வாட் வேண்டும்.

ஹப் மோட்டார் சக்கரத்துக்குள்ளேயே இருக்கும். செயின் கிடையாது, சத்தம் இல்லை, மாட்டுவதும் சுலபம். சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகிறவருக்கு அதையே தருவோம். ஆனால் கியர் இல்லாத ஹப், சக்கரத்தின் வேகத்தில்தான் சுற்றும். பாலத்தில் வண்டி தவழும்போது அதுவும் தவழும். கரண்ட்டை மட்டும் அள்ளி இழுக்கும். அதில் பெரும்பங்கு இழுவையாகாமல், மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிச் சுருளான காயிலில் சூடாகத் தங்கும். சூடு மிஞ்சினால் காயில் வார்னிஷ் கருகும், காந்தமும் வலுவிழக்கும்.

போன வருடம் ஒரு மீன்பாடி வண்டிக்கு, அதாவது சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டிக்கு, ஹப் மாட்டிக் கொடுத்தோம். மூன்றே மாதத்தில் காயில் எரிந்தது. லோடைக் கேட்காமல் கொடுத்தது எங்கள் தவறு. காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தோம். ஆனால் அந்த அண்ணனுக்கு நின்றுபோன வியாபாரத்தை எங்களால் திருப்பித் தர முடியவில்லை.

இப்போது அந்த வண்டியில், கியர் வைத்த பி.எல்.டி.சி. மோட்டார் (கார்பன் பிரஷ் இல்லாத வகை) செயின் வழியாகப் பின்சக்கரத்தை இழுக்கிறது. மோட்டார் வேகமாகச் சுற்ற, சக்கரம் மெதுவாக, பலமாகத் திரும்புகிறது. பின்னால் இரண்டு சக்கரம் உள்ள வண்டி என்றால் டிஃபரன்ஷியலோடு, அதாவது திருப்பத்தில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பாகத்தோடு வருவதை வாங்குங்கள். செயினுக்கு எண்ணெய் போடும் வேலை கூடும்தான். லோடு வண்டிக்கு அது பெரிய சுமை இல்லை.

கார்பன் பிரஷ் மோட்டார் விலை குறைவு. ஆனால் கரண்ட்டை உள்ளே கொடுக்கும் கரித்துண்டான பிரஷ் தேயும், நம் கடலோர உப்புக் காற்றில் அது உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரும் சீக்கிரம் பாழாகும். அதை நாங்கள் விற்பதில்லை.

அப்புறம் மழை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும்போது சூடான ஹப் மோட்டாரை உள்ளே இறக்காதீர்கள். சட்டென்று குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கும், ஒயர் வழியாகவும் பேரிங் வழியாகவும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும்.

பழைய வண்டியில் மோட்டார் மாட்ட அனுமதி வேண்டுமா என்பதை முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கடைக்கு வரும்போது லோடு ஏற்றிய வண்டியோடே வாருங்கள். பக்கத்து எடை மேடையில் போட்டுப் பார்த்து, நீங்கள் தினமும் ஏறும் பாலத்துக்கும் ஒருமுறை கூடவே வருகிறோம்.

அன்புடன்,
கடைக்காரர், பழைய வண்ணாரப்பேட்டை